பெயர் நம்முடையது, பிடி யார் கையில்?



போன மாதக் கூட்டம் முடிந்து எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். நம் உறுப்பினர் ஒருவருக்கு போன் வந்தது. அவர் உழவர் உற்பத்தியாளர் கம்பெனியில் இயக்குநராக இருக்கிறார். பேசியது ஆடிட்டர் ஆபீஸ் தம்பி.

“அக்கா, உங்க போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும். அதைக் கொஞ்சம் சொல்லுங்க.”

“எதுக்கு தம்பி?”

“கே.ஒய்.சி.க்கு அக்கா. சும்மா ஒரு ஃபார்மாலிட்டிதான்.”

அக்கா கண்ணைச் சுருக்கி ஆறு எண்களையும் படித்துச் சொல்லிவிட்டு போனை வைத்தார். பக்கத்தில் இருந்த வயதான சின்னம்மா சும்மா விடவில்லை. “ஏன்டி, அந்த நம்பரை யார்கிட்டயும் சொல்லாதேன்னு பேங்க்ல போர்டு எழுதி வச்சிருக்கான். நீ பாட்டுக்குச் சொல்றியே, எதுக்குன்னு தெரியுமா?” என்று கேட்டார்.

அக்காவுக்குத் தெரியவில்லை. அங்கே இருந்த நம்மில் பலருக்கும் தெரியவில்லை. நம் குழுக்களிலிருந்து உற்பத்தியாளர் கம்பெனிகளுக்கு இயக்குநராகப் போன சகோதரிகள் இன்று நிறையப் பேர். அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியதை இந்தக் கட்டுரையில் சொல்கிறோம். இயக்குநராக இல்லாதவர்களும் படியுங்கள். நாளைக்கு உங்களிடமும் ஒருவர் ஆதார் கார்டு கேட்டு வரலாம்.

குழு வேறு, கம்பெனி வேறு

நம் குழுவில் பன்னிரண்டு முதல் இருபது பேர் இருக்கிறோம். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியும். யார் கடன் வாங்கினார், யார் கட்டவில்லை என்பது கூட்டத்திலேயே தெரிந்துவிடும். கம்பெனி அப்படி இல்லை. சட்டத்தின் கண்ணில் கம்பெனியும் ஓர் ஆள். அது தன் பெயரில் நிலம் வாங்கலாம், கடன் வாங்கலாம், வழக்குப் போடலாம். ஆனால் அந்த ஆளுக்கு முகமும் கிடையாது, கைரேகையும் கிடையாது. அதனால் அதற்காகக் கையெழுத்துப் போட இயக்குநர்கள் இருக்கிறார்கள். அதைச் சொந்தமாக வைத்திருப்பவர்கள் பங்குதாரர்கள்.

உற்பத்தியாளர் கம்பெனி என்ற வகை நம் நாட்டில் 2002-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் வந்தது. இப்போது அது 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தில் தனி அத்தியாயமாக இருக்கிறது. பத்து உற்பத்தியாளர்கள் சேர்ந்தால் இதைத் தொடங்கலாம். இயக்குநர்கள் ஐந்து பேருக்குக் குறையக் கூடாது, பதினைந்து பேருக்கு மேல் போகக் கூடாது. தனி ஆட்களே உறுப்பினர்களாக உள்ள கம்பெனியில், ஒரு பங்கு வைத்திருந்தாலும் நூறு பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டுத்தான். நம் குழு மாதிரியே.

தலைமைச் செயல் அலுவலர், அதாவது சி.இ.ஓ., உறுப்பினராக இருக்கக் கூடாது. இயக்குநர் குழுதான் அவரை வெளியிலிருந்து நியமிக்க வேண்டும். அவர் பேண்ட் சட்டை போட்டு, ஆங்கிலம் பேசி, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் அவரை வேலைக்கு வைத்தது நீங்கள். இதை முதலில் மனதில் வையுங்கள்.

ஏன் இந்த அடையாளச் சோதனை?

கம்பெனிக்கு முகம் இல்லை என்பது நல்லதுக்கும் உதவும், கெட்டதுக்கும் உதவும். வரி ஏய்க்க நினைப்பவரும், வங்கியை ஏமாற்ற நினைப்பவரும், லஞ்சப் பணத்தை மறைக்க நினைப்பவரும் தன் பெயரை வெளியே காட்ட மாட்டார். டிரைவர் பெயரிலும், சமையல்கார அம்மா பெயரிலும், சொந்தக்காரர் பெயரிலும் கம்பெனி தொடங்குவார். பணம் உள்ளே வரும், வெளியே போகும். பிடிக்கப் போனால் காகிதத்தில் இருப்பது அந்த டிரைவரும் சமையல்கார அம்மாவும்தான். பினாமி என்று நாம் சொல்வது இதைத்தான்.

2017-ஆம் ஆண்டில் மத்திய அரசு, வருஷக் கணக்கே தாக்கல் செய்யாமல் கிடந்த இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பெனிகளைப் பதிவேட்டிலிருந்து நீக்கியது. தொடர்ந்து மூன்று வருஷம் கணக்குக் கொடுக்காத கம்பெனிகளில் இருந்த மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட இயக்குநர்கள் தகுதி இழந்தார்கள். இயக்குநர்களின் அடையாளத்தைச் சரிபார்க்கும் கே.ஒய்.சி. விதி அடுத்த வருஷமே வந்தது.

இது நம் நாட்டில் மட்டும் உள்ள தொல்லை இல்லை. பிரிட்டனில் 12 பவுண்டு கட்டினால் யார் வேண்டுமானாலும் கம்பெனி பதிவு செய்யலாம் என்ற நிலை பல வருஷம் இருந்தது. கொடுக்கும் பெயர் உண்மையா, அந்த ஆள் இருக்கிறாரா என்று பதிவு அலுவலகம் சரிபார்த்ததில்லை. பொய்ப் பெயரிலும், அடுத்தவர் விலாசத்திலும் கம்பெனிகள் பெருகின. பிறகு 2023-இல் அங்கே புதுச் சட்டம் போட்டார்கள். 2025 நவம்பர் 18 முதல் இயக்குநர்களும், கால் பங்குக்கு மேல் உடைமையோ கட்டுப்பாடோ உள்ளவர்களும் தங்கள் அடையாளத்தை மெய்ப்பிக்க வேண்டும் என்று அமலுக்குக் கொண்டுவந்தார்கள். லண்டனில் கம்பெனி பெயரில் மளிகைக் கடை நடத்தும் நம் ஊர்ப் பிள்ளைக்கும் இதே விதிதான்.

எந்த நாடாக இருந்தாலும் சட்டம் கேட்பது இரண்டே கேள்வி. கையெழுத்துப் போடுகிறவர் நிஜமான ஆள்தானா? அவருக்குப் பின்னால் வேறு யாராவது இருக்கிறார்களா?

முதல் கேள்வி: இயக்குநர் நிஜமான ஆளா?

கம்பெனியில் இயக்குநராகச் சேரும் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுக்கிறார்கள். இயக்குநர் அடையாள எண் என்று பெயர். ஆபீஸில் ‘டின் நம்பர்’ என்பார்கள். எட்டு இலக்கம். ஆதார் மாதிரி, ஒருவருக்கு ஆயுள் முழுக்க ஒரே எண். இரண்டு வைத்திருந்தால் குற்றம். நீங்கள் எந்தக் கம்பெனிக்குப் போனாலும் அதே எண்தான். ஒரு கம்பெனியில் பட்ட கறை இன்னொரு கம்பெனிக்கும் கூடவே வரும்.

இந்த எண்ணுக்குப் பான் கார்டு கட்டாயம். ஆதாரும் கேட்பார்கள். நம் பெண்களுக்கு இங்கேதான் முதல் சிக்கல். பான் கார்டில் அப்பா பெயர் இருக்கும். ஆதாரில் கணவர் பெயர் இருக்கும். ஒன்றில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் பின்னால். ஒன்றில் ‘லட்சுமி’, இன்னொன்றில் ‘லெட்சுமி’. கல்யாணமான பெண்ணாக இருந்தாலும் இந்தப் படிவத்தில் அப்பா பெயரைத்தான் எழுத வேண்டும். இனிஷியலை ஓர் எழுத்தாக விடாமல் விரித்து எழுத வேண்டும். பெயர் பொருந்தாவிட்டால் படிவம் திரும்பி வந்துவிடும். அதனால் இயக்குநராக நிற்பதற்கு முன்பே பான், ஆதார் இரண்டையும் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். பிழை இருந்தால் இ-சேவை மையத்தில் திருத்திக்கொள்ளுங்கள்.

எண் வாங்கினால் வேலை முடிந்துவிடாது. அந்த ஆள் இன்னும் இருக்கிறாரா, விலாசமும் போன் எண்ணும் சரிதானா என்று அவ்வப்போது சரிபார்ப்பார்கள். அதுதான் கே.ஒய்.சி. 2018-இல் இதைத் தொடங்கியபோது வருஷா வருஷம் செய்ய வேண்டும் என்று வைத்தார்கள். தவறியவர்களின் எண் முடங்கியது. 5,000 ரூபாய் கட்டி அதை மீட்டார்கள். 2025 டிசம்பர் 31-இல் வந்த அறிவிப்பு இதை மாற்றியது. 2026 மார்ச் 31 முதல் மூன்று வருஷத்துக்கு ஒரு முறை செய்தால் போதும். உங்கள் முறை எந்த வருஷம் வருகிறது என்று ஆடிட்டரிடம் கேட்டு நோட்டில் குறித்து வையுங்கள்.

மூன்று வருஷம் இருக்கிறதே என்று சும்மா இருந்துவிடக் கூடாது. போன் எண், இ-மெயில், வீட்டு விலாசம் இதில் எது மாறினாலும் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். ‘சிம் மாத்திட்டேன், அவ்வளவுதானே’ என்று விட்டால், ஓ.டி.பி. பழைய எண்ணுக்குத்தான் போகும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பல சகோதரிகளுக்குச் சொந்த இ-மெயில் கிடையாது. அதனால் சி.இ.ஓ.வின் இ-மெயிலையோ, ஆபீஸ் போன் எண்ணையோ போட்டுப் பதிவு செய்துவிடுகிறார்கள். அப்புறம் உங்கள் பெயரில் எது நடந்தாலும் தகவல் அவருக்குத்தான் போகும். உங்களுக்கு வராது. வீட்டில் படிக்கும் பிள்ளையிடம் சொன்னால் பத்து நிமிடத்தில் ஒரு இ-மெயில் உருவாக்கிக் கொடுக்கும். அந்தப் பத்து நிமிடத்துக்குச் சோம்பல்படாதீர்கள்.

சின்ன டோக்கன், பெரிய கையெழுத்து

கம்பெனிக் காகிதங்கள் எல்லாம் இப்போது கம்ப்யூட்டரில்தான் போகின்றன. அதில் பேனாவால் கையெழுத்துப் போட முடியாது. அதற்குப் பதில் டிஜிட்டல் கையெழுத்து. பென்டிரைவ் மாதிரி ஒரு சின்ன டோக்கன், அதற்கு ஒரு ரகசிய எண். டோக்கனைக் கம்ப்யூட்டரில் செருகி எண்ணைப் போட்டால், நீங்களே கையெழுத்துப் போட்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் இதைப் பேனாக் கையெழுத்துக்குச் சமமாக வைத்திருக்கிறது.

இதை வாங்கும்போது உங்கள் முகத்தை வீடியோ எடுத்துச் சரிபார்ப்பார்கள். இவ்வளவு சோதனை செய்து உங்கள் பெயரில் கொடுத்த டோக்கன் இப்போது எங்கே இருக்கிறது? பல கம்பெனிகளில் எல்லா இயக்குநர்களின் டோக்கனும் ஒரே டப்பாவில் ஆபீஸ் மேஜைக்குள் கிடக்கிறது. ரகசிய எண் டோக்கன் மேலேயே துண்டுச் சீட்டில் ஒட்டியிருக்கிறது. சில இடங்களில் டப்பா ஆடிட்டர் ஆபீஸில் இருக்கிறது.

“நம்ம தம்பிதானே, தப்பாவா செய்யப் போறார்?” என்று கேட்பீர்கள். அவர் நல்லவராகவே இருக்கட்டும். வெற்றுச் செக்கில் கையெழுத்துப் போட்டுப் புத்தகத்தோடு யாரிடமாவது கொடுத்து வைப்போமா? குழுவில் தலைவியும் செயலாளரும் ஒன்றாகக் கையெழுத்துப் போட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்று எதற்காக வைத்தோம்? யாரையும் சந்தேகப்பட்டு இல்லை. யார் மேலும் பழி வராமல் இருக்கத்தான். டோக்கனும் அப்படித்தான். அதைத் தன் கட்டுப்பாட்டில் வைத்துக்கொள்ளும் பொறுப்பு கையெழுத்துக்கு உரியவருடையது என்று அந்தச் சட்டமே சொல்கிறது. இன்னொருவர் கையெழுத்தை மோசடியாகப் பயன்படுத்துபவருக்கு மூன்று வருஷம் வரை சிறை உண்டு. ஆனால் ரகசிய எண்ணை நீங்களே எழுதிக் கொடுத்திருந்தால், மோசடி என்று நிரூபிப்பது லேசான வேலை இல்லை.

இரண்டாம் கேள்வி: பின்னால் இருப்பது யார்?

இப்போது இரண்டாம் கேள்விக்கு வருவோம். பங்கு ஒருவர் பெயரில் இருக்கும், பலன் இன்னொருவருக்குப் போகும். அந்த இன்னொருவரைச் சட்டம் ‘குறிப்பிடத்தக்க பயன் உரிமையாளர்’ என்கிறது. நாம் உண்மையான முதலாளி என்று சொல்லலாம்.

ஒரு கணக்குப் பார்ப்போம். மசாலாப் பொடி செய்யும் ஒரு கம்பெனிக்கு நூறு பங்கு. அதில் முப்பது பங்கு இன்னொரு கம்பெனியின் பெயரில் இருக்கிறது. அந்த இரண்டாவது கம்பெனியில் பாதிக்கு மேல் பங்கு ஒரு வியாபாரியிடம் இருக்கிறது. மசாலாக் கம்பெனியின் பதிவேட்டில் வியாபாரியின் பெயர் எங்கேயும் இருக்காது. ஆனால் முப்பது பங்குக்கும் பின்னால் இருப்பது அவர்தான். கம்பெனிகள் சட்டத்தின் 90-ஆம் பிரிவும், 2018-இல் வந்து 2019-இல் திருத்திய விதிகளும் இவரை வெளியே வரச் சொல்கின்றன. இப்படி மறைமுகமாக நூற்றுக்குப் பத்து அல்லது அதற்கு மேல் வைத்திருப்பவர் அதைக் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கம்பெனி 30 நாளுக்குள் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும். பங்கே இல்லாமல், பின்னால் இருந்து கம்பெனியை ஆட்டி வைக்கிறவருக்கும் இது பொருந்தும். மறைத்தால் அந்த ஆளுக்கு 50,000 ரூபாய் அபராதம். அதோடு நாளுக்கு 1,000 ரூபாய் வீதம் ஏறிக்கொண்டே போகும். மொத்தம் 2 லட்சம் வரை போகலாம்.

“நம்ம கம்பெனியில ஆளுக்குப் பத்துப் பங்குதானே, இது நமக்கு எதுக்கு?” என்று தோன்றும். சரிதான், நூற்றுக்கணக்கான பெண்கள் ஆளுக்குக் கொஞ்சம் பங்கு வைத்திருக்கும் கம்பெனியில் யாருக்கும் நூற்றுக்குப் பத்து வராது. ஆனால் இப்படி ஒன்று நடக்கலாம். கம்பெனியிடம் நெல்லோ மிளகாயோ வாங்கும் வியாபாரி, “அம்மா, உங்க பேர்ல பங்கு வாங்கிக்கங்க, பணத்தை நான் கட்டிடறேன். லாபம் வந்தா எனக்கு, உங்களுக்கு வருஷத்துக்கு ஒரு பட்டுச்சேலை” என்று இருபது பேரிடம் சொல்லிவிட்டால்? உற்பத்தியாளர் கம்பெனியில் உற்பத்தியாளர்தான் உறுப்பினராக முடியும் என்பதால் அவரால் நேரே நுழைய முடியாது. நம் பெயரை ஏணியாக வைத்து ஏறுவார். பங்கும் ஒரு சொத்துத்தான். 2016-இல் திருத்திய பினாமிச் சட்டப்படி பணம் போட்டவருக்கும் தண்டனை, பெயர் கொடுத்தவருக்கும் தண்டனை. ஒன்று முதல் ஏழு வருஷம் வரை கடுங்காவல். பட்டுச்சேலைக்கு அது ரொம்பப் பெரிய விலை.

2023 அக்டோபரில் இன்னொரு விதியும் வந்தது. உண்மையான உரிமையாளர் பற்றி அதிகாரிகள் கேட்டால் பதில் சொல்ல, ஒவ்வொரு கம்பெனியும் ஓர் ஆளை நியமிக்க வேண்டும். நியமிக்காமல் விட்டு, கம்பெனிச் செயலாளரோ நிர்வாக இயக்குநர் மாதிரிப் பொறுப்பாளரோ இல்லாவிட்டால், எல்லா இயக்குநர்களும் பொறுப்பாளி ஆவார்கள். அடுத்த இயக்குநர் குழுக் கூட்டத்தில், “நம்ம கம்பெனிக்கு அந்த ஆள் யாரு?” என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்.

வங்கியிலும் இதே கேள்விதான்

குழுவுக்குச் சேமிப்புக் கணக்குத் தொடங்கும்போது எல்லா உறுப்பினரின் அடையாளமும் தேவையில்லை, பொறுப்பாளர்களுடையது போதும் என்று ரிசர்வ் வங்கி நமக்குச் சலுகை கொடுத்திருக்கிறது. கம்பெனிக்கு அந்தச் சலுகை கிடையாது. நூற்றுக்குப் பத்துக்கு மேல் உடைமை உள்ளவர் யார் என்று வங்கி கேட்கும். அப்படி யாருமே இல்லாவிட்டால், நிர்வாகத்தில் மூத்த பொறுப்பில் இருப்பவரை உண்மையான உரிமையாளர் இடத்தில் எழுதிக்கொள்ளும். பல இடங்களில் அது சி.இ.ஓ.வாக இருக்கும். அவர் வேலையை விட்டுப் போனால், அன்றே வங்கியில் பெயரை மாற்ற வேண்டும். போனவரின் பெயரிலேயே கணக்கு ஓடிக்கொண்டிருக்கக் கூடாது.

கணக்கைக் கொடுக்காமல் விட்டால்

டோக்கன் யாரிடமோ, இ-மெயில் யாருடையதோ என்று இருந்தால் என்ன நடக்கும்? கம்பெனி வருஷா வருஷம் கணக்கையும், ஆண்டறிக்கைப் படிவத்தையும் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் பதிவாளர் அலுவலகம் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் இருக்கிறது. தாமதமானால் ஒரு படிவத்துக்கு ஒரு நாளைக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம். இரண்டு படிவம், ஒரு வருஷம் என்று வைத்தால் 73,000 ரூபாய். எத்தனை மூட்டை நெல் விற்று அந்தக் காசு வர வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

தொடர்ந்து மூன்று வருஷம் தாக்கல் செய்யாவிட்டால், அந்தக் கம்பெனியின் இயக்குநர்கள் ஐந்து வருஷத்துக்கு எந்தக் கம்பெனியிலும் புதிதாக இயக்குநர் ஆக முடியாது. தாக்கல் செய்யாமல் விட்டது சி.இ.ஓ.வாக இருக்கலாம். தகுதி இழப்பது நீங்கள். 2017-இல் தகுதி இழந்தவர்களில் பலருக்குத் தங்கள் பெயர் பட்டியலில் வந்த பிறகுதான் விஷயமே தெரிந்தது.

ஊருக்குள் வரும் ஆசை வார்த்தை

இயக்குநராக இல்லாத சகோதரிகளுக்கு இந்தப் பகுதி. டவுனிலிருந்து ஒருவர் வருவார். நன்றாகப் பேசுவார். “ஆதார், பான் ஜெராக்ஸ், ரெண்டு போட்டோ குடுங்கம்மா. லோன் வாங்கித் தர்றேன்” என்பார். அல்லது, “உங்க பேர்ல ஒரு கம்பெனி ஆரம்பிக்கிறோம். நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். மாசம் ரெண்டாயிரம் வீட்டுக்கு வரும்” என்பார். ஒன்றும் செய்யாமல் காசு தருகிறேன் என்று சொன்னாலே உஷாராக வேண்டும். கூலி வேலைக்குப் போகும் பெண்ணுக்குக் கோடிக்கணக்கில் ஜி.எஸ்.டி. பாக்கி என்று நோட்டீஸ் வந்த செய்திகளைப் பேப்பரில் படித்திருப்பீர்கள். அவையெல்லாம் இப்படிக் கொடுத்த ஜெராக்ஸிலிருந்து முளைத்தவை.

ஜெராக்ஸ் கொடுக்க வேண்டிய இடத்தில், அதன் மேலேயே எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். ‘குழுக் கடனுக்கு மட்டும்’ என்று எழுதிய ஜெராக்ஸை வேறு வேலைக்குப் பயன்படுத்துவது கஷ்டம்.

மோசடி நடந்திருக்குமோ என்று சந்தேகம் வந்தால் பயந்து வீட்டுக்குள் உட்கார வேண்டாம். காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். இணையவழிப் பண மோசடிக்கு 1930 என்ற எண்ணுக்கு போன் செய்யலாம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வக்கீல் உதவி இலவசம். வருமானம் எவ்வளவு என்று பார்க்க மாட்டார்கள். நோட்டீஸ் வந்தால் கிழித்துப் போடாமல் உறையோடு எடுத்துக்கொண்டு அங்கே போங்கள்.

இயக்குநர் சகோதரிகள் செய்ய வேண்டியவை

1. உங்கள் டோக்கனை இந்த வாரமே வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். ரகசிய எண்ணை மாற்றுங்கள். படிவம் போட வேண்டிய நாளில் நீங்களே எடுத்துக்கொண்டு போங்கள், முடிந்ததும் கையோடு எடுத்து வாருங்கள்.

2. உங்கள் பெயரில் பதிவான போன் எண், இ-மெயில், விலாசம் மூன்றையும் ஆடிட்டரிடம் அச்சடித்து வாங்கிப் பாருங்கள். உங்களுடையதாக இல்லாவிட்டால் மாற்றச் சொல்லுங்கள்.

3. ஒரு நோட்டுப் போடுங்கள். எந்தத் தேதியில் எந்தப் படிவத்துக்குக் கையெழுத்து, எந்த வேலைக்கு ஓ.டி.பி. என்று எழுதுங்கள். குழுவின் தீர்மான நோட்டு எழுதப் பழகிய நமக்கு இது ஒன்றும் கஷ்டம் இல்லை.

4. இயக்குநர் குழுக் கூட்டம் மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது நடக்க வேண்டும். கட்டாயம் போங்கள். ஒரு வருஷம் முழுக்க எந்தக் கூட்டத்துக்கும் போகாவிட்டால் பதவியே போய்விடும். வீட்டுக்காரரை அனுப்பிவிட்டு நோட்டில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.

5. கம்பெனி விவகாரங்கள் அமைச்சகத்தின் இணையதளத்தில் உங்கள் கம்பெனியின் பெயரைப் போட்டால், இயக்குநர்கள் யார் யார், கடைசியாக எப்போது கணக்குக் கொடுத்தார்கள் என்று தெரியும். படிக்கும் பிள்ளையை வைத்துக்கொண்டு வருஷத்துக்கு இரண்டு முறையாவது பாருங்கள்.

6. விலக நினைத்தால் வாயால் சொன்னால் போதாது. எழுத்தில் ராஜினாமா கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு நகலில் கையெழுத்து வாங்குங்கள். கம்பெனி அதை 30 நாளுக்குள் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும். நீங்களே நேராகத் தெரிவிக்கவும் தனிப் படிவம் இருக்கிறது. ஆனால் நீங்கள் இருந்த காலத்தில் நடந்ததற்கு, விலகிய பிறகும் நீங்கள் பதில் சொல்ல வேண்டும்.

சின்னம்மாவின் கேள்விக்குப் பதில்

சின்னம்மா கேட்டது நியாயமான கேள்வி. ஓ.டி.பி. சொல்வதும் ஒரு கையெழுத்துத்தான். அக்கா அடுத்த முறை என்ன சொல்ல வேண்டும்?

“தம்பி, எந்தப் படிவத்துக்குன்னு பேரைச் சொல்லுங்க, நோட்டுல எழுதிக்கிறேன். நாளைக்கு ஆபீஸுக்கு வர்றேன். படிவத்தை எடுத்துக் காட்டுங்க, பக்கத்துல உக்காந்து நானே நம்பரைப் போடறேன்.”

நல்ல ஆடிட்டர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். அவருக்கும் இதுதான் பாதுகாப்பு. கோபித்துக்கொண்டால், ஏன் என்று யோசிக்க வேண்டியது நாம்.

கட்டைவிரல் ரேகை வைத்துக் கடன் வாங்கிய காலத்தைக் கடந்துதான் நாம் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டோம். அந்தக் கையெழுத்து இப்போது டோக்கனுக்குள்ளும் ஆறு எண்ணுக்குள்ளும் போய் உட்கார்ந்திருக்கிறது. அடையாள விதிகள் நம்மைத் தொல்லை செய்ய வந்தவை என்று நினைக்க வேண்டாம். பெயர் ஒருவருடையதாகவும் பிடி இன்னொருவரிடமும் இருக்கக் கூடாது என்பதற்குத்தான் அவை வந்தன. பெயரைக் கொடுத்துவிட்டோம், பிடியையும் நாமே வைத்துக்கொள்வோம்.

குழுக் கூட்டத்தில் இதை ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேளுங்கள். பிறகு இந்த மூன்று கேள்விகளையும் பேசுங்கள்.

நம் குழுவிலிருந்து கம்பெனியில் இயக்குநராக இருப்பவர்கள் யார்? அவர்களுடைய டோக்கன் இன்று எங்கே இருக்கிறது?

நம் கம்பெனி கடைசியாக எந்த வருஷத்துக்குக் கணக்குத் தாக்கல் செய்தது?

கடந்த ஒரு வருஷத்தில் நாம் யார் யாருக்கு ஆதார், பான் ஜெராக்ஸ் கொடுத்தோம்? எதற்காக?

மூன்றாவது கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால், அந்தப் பட்டியலை இன்றே எழுதத் தொடங்குங்கள்.